எட்டு அங்குலக் குழாய்க்கு எந்தக் கால்? டாப்சனும் ஈகியூவும்

தொலைநோக்கி வாங்குகிறவர்கள் கண்ணாடியின் அளவைத்தான் விசாரிப்பார்கள். என்னுடையது எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கி, 1200 மி.மீ. குவியத்தூரம், குழாய் மட்டும் சுமார் 11 கிலோ. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக் காற்றில் அதை மூன்று விதமாக நிறுத்திப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஈகியூ5. ஈகியூ என்றால், ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்து, விண்மீன்களின் நகர்வைப் பின்தொடரும் தாங்கி. இந்தக் குழாய்க்கு அது போதாது. ஃபோகஸ் திருகைத் தொட்டால் வியாழன் ஐந்தாறு விநாடி ஆடும். நிற்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்த காற்று வந்துவிடும். முக்காலியின் கால்களை உள்ளே தள்ளிக் குட்டையாக்கினால் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அடுத்து ஈகியூ6 வகை, ஒரு நண்பருடையது. சுமை 20 கிலோ வரை தாங்கும். தட்டிப் பார்த்தால் ஒரு விநாடியில் அடங்கிவிடுகிறது. ஆனால் தாங்கியின் தலை 17 கிலோ, குழாயைச் சமன் செய்யும் எடைக்கட்டிகள் 10, முக்காலி ஏழரை. அதைத் தூக்கிக்கொண்டு லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) படிகளில் இறங்கிப் பாருங்கள்!

அதைவிடப் பெரிய சிக்கல் நம் அட்சரேகை. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 டிகிரிதான் உயரம். நீட்டிய கையில் நாலு விரல். எனக்கு வடக்கே அந்த இடத்தில் தேயிலை மலை நிற்கிறது. ஆகவே விண்மீன் நகர்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் அச்சைத் திருத்த வேண்டும், முக்கால் மணி நேரம் போய்விடும். அச்சும் கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் எடைக்கட்டி வடக்குக் காலில் போய் 'ணங்' என்று இடிக்கும். முக்காலியைத் திருப்பி இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வருமாறு வைத்தால் தப்பலாம். சில தாங்கிகளின் அச்சு 10 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. வாங்குமுன் இதைக் கேளுங்கள்.

மூன்றாவது டாப்சன். குழாயை மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்ப வைக்கும் வெறும் பெட்டி. வழவழப்பான தகட்டின் மேல் டெஃப்லான் துண்டுகள் வழுக்குகின்றன, மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம். அடிப்பெட்டி சுமார் 15 கிலோ. இரண்டு நடையில் பெரட்டுக்களத்துக்கு (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் திடல்) கொண்டுபோய்விடலாம். 120 மடங்கில் ஒரு விண்மீன் 100 விநாடியில் பார்வையைக் கடந்துவிடும், விரலால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பழகிவிடும்.

பழகாதது உச்சி. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இங்கே தலைக்கு மேலிருந்து 12 டிகிரி தள்ளித்தான் கடக்கிறது. டாப்சனுக்குத் திருப்பக் கஷ்டமான இடம் அதுவே. உச்சியைத் தொடுமுன்னும் தாண்டிய பின்னும்தான் நான் பார்க்கிறேன். தெற்கே ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து 35 டிகிரி வரை ஏறும்போது எந்தத் தொல்லையும் இல்லை.

படம் எடுக்கிற எண்ணம் இருந்தால் ஈகியூ6தான், அதையும் கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புக் குழாய் மேல் வையுங்கள். சொந்தக் காணி இருக்கிறவருக்கு அது. லயத்து வாசலில் குழி தோண்டத் தோட்டத்துத் துரையிடம் கேட்க வேண்டும். நான் கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை. கண்ணால் பார்க்க மட்டும் என்றால் டாப்சன், யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் மரத்தூள் பலகைப் பெட்டியாக வந்தால் நம் பனிக்கு உப்பிப்போகும். என்னுடையது ஒரே மழைக்காலத்தில் அடியோரம் பொரிந்துவிட்டது. தச்சரிடம் மரைன் பிளைவூட்டில் அதே அளவுக்கு வெட்டச் சொல்லி, வெட்டிய ஓரங்களுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். இப்போது இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணை) படங்கு போர்த்தி நிற்கிறது.