இருசக்கர வாகன உரிமத்துக்காக ரூ. 6,500 கொடுத்து ஏமாந்தேன்: எல்எல்ஆரில் (பழகுநர் உரிமத்தில்) வாகன வகையைப் பாருங்கள்

நேற்று காலை ஓட்டுநர் தேர்வுத் திடலில் எனக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் உள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்னிடம் ரூ. 6,500 வாங்கிக்கொண்டு, நான் கேட்காத உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது.

கிராமம் கிராமமாகச் செல்ல வேண்டிய வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. என் கணவரின் பைக் வீட்டிலேயே இருப்பதால், கியர் வண்டி ஓட்டும் உரிமம்தான் வேண்டும் என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். பள்ளியின் உரிமையாளர் என் ஆதார் நகலைப் பிளாஸ்டிக் கோப்பில் பத்திரமாக வைத்து, "நீங்க ஒரு தடவைகூட அலைய வேண்டாம்மா, என் தங்கச்சிக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றேன்" என்றார். ரசீது கேட்டதற்கு, தம் விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் "6,500 பெற்றேன்" என்று எழுதித் தந்தார். அதில் தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்தத் 'தங்கச்சி' என்ற சொல்லை நம்பித்தான் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் தொலைபேசியில் ஓடிபி கேட்டபோதும் உடனே சொன்னேன்.

பத்து வகுப்புகள் என்றார்கள், நான்குதான் நடந்தன. நான்கும் ஸ்கூட்டரில். கியர் பைக் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னதால், மாலை வேளைகளில் கணவரின் துணையோடு காலி மைதானத்தில் கிளட்ச் பிடித்து, காலை ஊன்றாமல் எட்டு போட நானே பழகிக்கொண்டேன். எல்எல்ஆர் வாங்கி 30 நாட்கள் கழிந்த பிறகே தேர்வுக்குச் செல்ல முடியும் என்பதால், நாட்களை எண்ணிக் காத்திருந்தேன்.

நேற்று என் முறை வந்ததும், ஆய்வாளர் எல்எல்ஆரைப் பார்த்துவிட்டு வண்டியைத் திரும்ப எடுத்துச் செல்லச் சொன்னார். வாகன வகைக்கு நேராக 'எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.' என்று இருந்தது. கியர் வண்டிக்கு 'எம்.சி.டபிள்யூ.ஜி.' என்று இருக்க வேண்டுமாம். நடுவில் உள்ள அந்த ஒற்றை 'ஓ', கியர் இல்லாத வண்டி என்பதைக் குறிக்கிறது. அவர் செய்தது சரி. அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அங்கிருந்தே பள்ளிக்குப் போன் செய்தேன். முதலில், கம்ப்யூட்டரில் தவறாக ஏறிவிட்டது என்றார்கள். மதியம், உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். மாலையில் நேரில் சென்றபோது அவரே உள்ளே அமர்ந்திருந்தார். "லேடீஸ்தானே, ஸ்கூட்டர்தான் ஓட்டுவீங்கன்னு போட்டுட்டோம். இதை வாங்கிட்டு பைக் ஓட்டுங்க, யாரு பாக்கப் போறா?" என்றார். உரிமத்தில் இல்லாத வகை வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் ரூ. 5,000 அபராதம் என்பதும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு என்பதும் அவருக்குத் தெரியாதா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும், மாற்றித் தர இன்னும் ரூ. 2,000 ஆகும் என்றார். இன்று காலை முதல் என் எண்ணை அவர்கள் எடுப்பதே இல்லை.

இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு வாகன வகைக்கு எல்எல்ஆர் கட்டணம் ரூ. 150, அதற்கான தேர்வுக்கு ரூ. 50, ஓட்டுநர் தேர்வுக்கு ரூ. 300, உரிமத்துக்கு ரூ. 200. சில்லறைச் சேவைக் கட்டணங்கள் தவிர மொத்தம் ரூ. 700. நான் கொடுத்தது ரூ. 6,500. பெற்றது, ஸ்கூட்டரில் நான்கு நாள் சுற்று.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. சொந்த வண்டிக்கான உரிமத்தைப் பயிற்சிப் பள்ளி வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பள்ளிக்குத்தான் போவீர்கள் என்றால், தேதியிட்ட ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஓடிபியைச் சொல்லாதீர்கள். எல்எல்ஆர் வந்த அன்றே வாகன வகையைப் படியுங்கள். கியர் வண்டி கேட்டிருந்தால், நடுவில் 'ஓ' இருக்கக்கூடாது.