கேட் தாண்ட முடியாத நாட்களில் செவலையை ஓட வைத்த மூன்றடி பைப்

செவலை என் நாய், சிப்பிப்பாறைக் கலப்பு. 3 வயது, 18 கிலோ, உடம்பில் பாதி கால்தான். மதுரையில் மாடி வீடு, மேலே சின்னதாக ஒரு மொட்டை மாடி. எனக்கு இரண்டு வருஷமாக பேனிக் அட்டாக், அதோடு சேர்ந்து மனச்சோர்வு. மருந்து சாப்பிடுகிறேன், மருத்துவரைத் தவறாமல் பார்க்கிறேன், முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனாலும் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள், கேட் வரைக்கும் போய்க் கொண்டியில் கை வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்து, உள்ளங்கை வேர்த்து, அப்படியே திரும்பி வந்துவிடுவேன். செயினின் இன்னொரு முனையில் அவன் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான். அவனிடம் என்ன சொல்ல முடியும்?

அந்த மாதிரி நாட்களுக்காக நான் வாங்கியது, வீட்டில் செய்தது, ஆள் வைத்தது எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறேன். நாய்ப் பொருட்களுக்கு மதிப்புரைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு வேண்டிய கேள்விகள் அவற்றில் இருப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைப் பயன்படுத்த முடியுமா? யாரிடமாவது போனில் பேச வேண்டி வருமா? கழுவி எடுத்து வைப்பது எவ்வளவு வேலை? குளிக்கவே தெம்பில்லாத நாளில் இதைக் கையில் எடுக்க முடியுமா? நான் இவற்றை வைத்துத்தான் எதையும் பார்த்தேன்.

முதலில் ஃப்ளர்ட் போல். கம்பு, அதன் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பொம்மை. தூண்டில் மாதிரி இருக்கும். நாம் ஒரே இடத்தில் இருந்து கம்பைச் சுற்றினால் நாய் அந்தப் பொம்மையைத் துரத்தும். ஆன்லைனில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். கயிறு எலாஸ்டிக். இரண்டாவது வாரம் செவலை பொம்மையைக் கவ்விப் பின்னால் இழுத்தான், கயிறு நீண்டுகொண்டே போனது, அவன் வாயை விட்டதும் விறுட்டென்று வந்து என் மணிக்கட்டில் அடித்தது. நான்கு நாள் சிவப்புக் கோடு போகவில்லை. விற்றவர்களுக்கு எழுதினால், பயன்படுத்திய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று ஒரே வரியில் பதில். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம், எனக்கு அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஒரு வாரம் அந்தக் கம்பு கதவு மூலையில் சாய்ந்தே கிடந்தது.

அப்புறம் தம்பி ஹார்டுவேர் கடையிலிருந்து அரை இஞ்ச் பிவிசி பைப் மூன்றடி, பருத்திக் கயிறு பத்தடி வாங்கி வந்தான். கயிற்றைப் பைப்புக்குள் விட்டு, கைப்பிடிப் பக்கம் பெரிய முடிச்சு, மறுபக்கம் வெளியே வரும் இடத்தில் இன்னொரு முடிச்சு. கயிற்றின் நுனியில் அப்பாவின் பழைய கைலியைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னிக் கட்டினோம். மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. பருத்திக் கயிறு நீளாது, அதனால் திரும்பி வந்து அடிப்பதும் இல்லை. கடையில் வாங்கியதைவிட இது எவ்வளவோ மேல் என்று எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்.

அதிகாலை ஐந்தரை மணி. மொட்டை மாடியில் தட்டோடு போட்ட தரை இரவுக் குளிர்ச்சியோடு இருக்கும். நான் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கைலித் துணியைத் தரையோடு இழுத்தால் சர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே செவலை முன்னங்கால் இரண்டையும் மடக்கி, தாடை தரையில் படுகிற மாதிரி பதுங்குவான். கண் இமைக்க மாட்டான். தோள் பக்கத்துத் தோல் மட்டும் லேசாகத் துடிக்கும். நான் மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்புவதுதான் தாமதம், காற்று என் முகத்தில் அடிக்கிற வேகத்தில் என்னைச் சுற்றி ஓடுவான். முயல் துரத்தக் காலங்காலமாக வளர்த்த இனம், கண்ணில் பட்டதைத் துரத்துவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. இந்த மாதிரி நாய்களுக்கு மணிக்கணக்காக ஓட வேண்டியதில்லை, கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து ஓடினால் அப்புறம் அரை நாள் தூங்கும். ஏழெட்டு நிமிஷத்தில் நாக்கு வெளியே தொங்க என் காலடியில் வந்து படுத்துக்கொள்வான். அந்த ஏழெட்டு நிமிஷமும் என் மனசு எங்கேயும் போகாமல் அந்தத் துணியிலேயே இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சில விஷயங்களில் கவனமாக இருங்கள். துணி எப்போதும் தரையோடு போகட்டும், உயரத் தூக்கிக் குதிக்க விடாதீர்கள், இறங்கும்போது கால் பிசகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு எலும்பு இன்னும் முற்றியிருக்காது, அதற்கு இந்த வேகமும் திருப்பமும் வேண்டாம். நாலு சுற்றுக்கு ஒரு தடவையாவது அதைப் பிடிக்க விடுங்கள், பிடிக்கவே முடியாத விளையாட்டு அதற்கு எரிச்சலைத்தான் தரும். சுற்றும் திசையை மாற்றிக்கொண்டே இருங்கள். "விடு" என்றதும் விடவும், "போ" என்கிற வரை உட்கார்ந்திருக்கவும் பழக்கினால் உடம்போடு சேர்ந்து மூளைக்கும் வேலை. வீட்டுக்குள் வழவழ டைல்ஸில் மட்டும் கூடவே கூடாது. சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம், அது உயிர் போகிற விஷயம். கத்திரி வெயில் நாட்களில் சூரியன் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

ஒருவர் லேசர் லைட் வாங்கச் சொன்னார், படுத்துக்கொண்டே விளையாடலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். வெளிச்சத்தைப் பிடிக்கவே முடியாது என்பதால் சில நாய்கள் சுவரில் விழும் நிழலையும் ஒளியையும் நாள் முழுக்கத் துரத்த ஆரம்பித்துவிடும், அதை நிறுத்துவது பெரும்பாடு.

மாடிக்குக்கூட ஏற முடியாத நாட்களும் உண்டு. அப்போது மூக்குக்கு வேலை கொடுக்கிறேன். நாய் மோந்து பார்த்துத் தேடுவது நாம் உட்கார்ந்து கணக்குப் போடுவது மாதிரி, ஓடாமலே களைத்துவிடும். இதற்கென்று ஸ்னஃபிள் மேட் விற்கிறார்கள், கம்பளித் துணிக் கீற்றுகள் அடர்த்தியாக இருக்கும், நடுவில் தீனியை ஒளித்து வைக்க வேண்டும். செவலைக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் எறும்பு! இரண்டு நாள் கழுவாமல் விட்டேன், மூன்றாம் நாள் காலையில் சமையலறைச் சுவரிலிருந்து மேட் வரைக்கும் கோடு போட்ட மாதிரி வரிசை. கழுவினால் காய ஒன்றரை நாள். தெம்பில்லாதவர்களுக்கு இது சரிவராது என்பது என் அனுபவம். பதிலுக்கு, முப்பது முட்டை வைக்கிற அட்டைத் தட்டை அண்ணாச்சி கடையில் சும்மாவே தருகிறார்கள். குழிகளில் அவனுடைய காலைத் தீனியைப் போட்டு மேலே பழைய காகிதத்தைக் கசக்கி வைத்துக் கொடுத்தால் இருபது நிமிஷம் தேடுவான். அப்புறம் அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். அட்டையைக் கடித்து விழுங்குகிற நாயாக இருந்தால் இது வேண்டாம், பழைய டவலில் சுருட்டிக் கொடுங்கள்.

காங் என்கிற ரப்பர் பொம்மை வாங்கியதற்கு வருத்தமே இல்லை. அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்ட தன் நாய்க்குப் பழைய வேனின் ரப்பர் பாகத்தைக் கொடுக்கப்போய், 1970-களில் பிறந்த பொம்மை அது. செவலை கதவு நிலையைக் கடித்துக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. நடுவில் இருக்கும் துளையில் உப்பில்லாத, தாளிக்காத தயிர் சாதத்தைத் திணித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். நல்லபடியாக இருக்கும் ஒரு நாளில் நாலைந்து நிரப்பி வைத்துவிட்டால், முடியாத நாளில் ஃப்ரீசரைத் திறந்து எடுத்துப் போடுவது மட்டும்தான் வேலை. நிரப்புவதில் வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எதுவும் சேரக் கூடாது. கடலை வெண்ணெய் வைப்பதானால் டப்பாவில் சைலிட்டால் (ஒரு இனிப்பூட்டி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், நாய்க்கு அது விஷம்.

இவ்வளவும் இருந்தாலும் தெருவுக்கு ஈடாகாது. மற்ற நாய்கள் காலைத் தூக்கிவிட்டுப் போன கம்பத்தை மோந்து பார்ப்பது அவனுக்குச் செய்தித்தாள் படிப்பது மாதிரி, அதை நான் மாடியில் கொடுக்க முடியாது. அதனால் நடத்திக் கூட்டிப்போக ஆள் தேடினேன். முதலில் ஓர் ஆப் வழியாக. வாரத்துக்கு மூன்று வேறு வேறு ஆட்கள். ஒவ்வொருவரும் வழி கேட்டுப் போன் செய்வார்கள், பெல் அடிப்பார்கள், "நீங்க வீட்லதான இருக்கீங்க, நீங்களே கூட்டிட்டுப் போலாமே" என்று ஒருவர் கேட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கேள்வியோடு மூன்று நாள் படுக்கையிலேயே கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் நிறுத்திவிட்டேன்.

இப்போது வருவது மூன்றாவது தெருவில் இருக்கும் கல்லூரிப் பையன். மாதம் 2,000 ரூபாய், வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். சேரும்போதே எனக்கு இருக்கும் பிரச்சினையை வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன், போன் வேண்டாம், பெல் வேண்டாம், காரணம் கேட்க வேண்டாம் என்று. "சரிக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வரி வந்தது. அதன்படியே நடக்கிறான். கேட்டுக்கு உள்பக்கம் ஆணியில் செயினும், மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸும் தொங்கும். வருவான், மாட்டுவான், போவான். இந்த நாய்களுக்குத் தலை கழுத்தை விட அகலமாக இருக்காது, சாதாரணக் கழுத்துப் பட்டையை நொடியில் உருவிக்கொண்டு ஓடிவிடும், ஆகவே ஹார்னஸ் கட்டாயம் என்று நான் எழுதியதை முதல் நாளிலிருந்தே அவன் மறந்ததில்லை. தெப்பக்குளம் பக்கம் போன அன்று செவலை படிக்கட்டில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று அனுப்பினான். நான் அந்தப் பக்கம் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது.

ஒரு நல்ல ஆளுக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆள் வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் நிலைமையை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். என் மருத்துவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். ராத்திரியில் மனசு தாங்காத நேரத்தில் பேச 14416 இருக்கிறது, டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலும் பேசலாம். பேசவே பிடிக்காத நானே ஒரு தடவை அழைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் பையனுக்கு செமஸ்டர் பரீட்சை, மூன்று வாரம் வர முடியாது என்று நேற்று எழுதினான். நன்றாகப் படி தம்பி என்று பதில் போட்டுவிட்டு, என் தம்பியிடம் சொல்லி இன்னொரு மூன்றடி பைப் அறுத்து வாங்கி வைத்திருக்கிறேன். முட்டை அட்டை ஏழு இருக்கிறது. கைலிதான் தீர்ந்துவிட்டது, அப்பா இன்னொன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.