ழ போன லேப்டாப்பும் பவர்டாய்ஸும்

போன மழைக்காலத்தில் என் லேப்டாப் மேல் அரை டம்ளர் டீ கொட்டிவிட்டது. கொட்டியவன் நான்தான், பழியைப் போட வீட்டில் பூனைகூட இல்லை. கவிழ்த்து வைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் ஆன் செய்தால் எல்லாம் வேலை செய்தது, ஒரே ஒரு கீயைத் தவிர. வலது ஷிஃப்டை ஒட்டி இருக்கிற சாய்வுக்கோடு கீ. இங்கிலீஷில் மட்டும் அடிக்கிறவர்களுக்கு அது போனால் கேள்விக்குறி போகும், அவ்வளவுதான். நான் அடிப்பது தமிழ் 99 என்ற கீபோர்டு முறையில். அதில் உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில், கீழ் வரிசையின் கடைக்கோடியில் அந்தச் சாய்வுக்கோடு கீயில்தான் ழ உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. இரண்டிலும் ழ இருக்கிறது, கவனித்தீர்களா?

முதல் வாரம் ஓட்டியது ஒரு கேவலமான வழியில். பழைய கோப்பிலிருந்து ஒரு ழவைக் காப்பி செய்து, விண்டோஸ் கீயும் வி-யும் சேர்த்து அமுக்கினால் வருமே, அந்தக் கிளிப்போர்டுப் பட்டியலில் பின் செய்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் எடுத்து ஒட்டினேன். ஒரு பக்கத்துக்கு முப்பது நாற்பது தடவை. ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறி இங்கிலீஷ் ஸெட் கீயில் ழ அடித்துக்கொள்ளலாமே என்று தம்பி சொன்னான், அடித்தும் பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தமிழ் 99-க்குப் பழகிய விரல் கேட்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "சார், ஒரு கீய மட்டும் தனியா மாத்த வராது, மேல் பாகம் மொத்தமா வரும், 7,400 ஆகும், பதினஞ்சு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார் அங்கிருந்த பெண். பதினைந்து நாள் லேப்டாப் இல்லாமல் நான் என்ன செய்வது? எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம்தான் பவர்டாய்ஸ். மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் கருவித் தொகுப்பு இது. விண்டோஸ் 95 காலத்தில் இந்தப் பெயரில் ஒன்று இருந்தது, 2019-இல் திறந்த மூல மென்பொருளாகப் புதிதாகத் தொடங்கினார்கள், ஒரு கீயை இன்னொன்றாக மாற்றித் தரும் கீபோர்டு மேனேஜர் என்ற கருவி 2020-இல் அதில் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது. ஒரு கீயை மாற்றுவதற்காக இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் உள்ள மூட்டையை இறக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான். போட்டவுடன் உட்கார்ந்து வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் தெரியாமல் எதையோ அமுக்கி, திரையில் ஏதோ பெட்டி முளைத்து, வைரஸ் வந்துவிட்டது என்று பயப்படுவீர்கள்.

கீயை மாற்றுவது நிஜமாகவே இரண்டு நிமிட வேலை. ஒரு பக்கம் நீங்கள் அமுக்கப்போகும் கீ, இன்னொரு பக்கம் அது அனுப்பவேண்டிய கீ. நான் எடுத்துக்கொண்டது வலது கன்ட்ரோல். செத்துப்போன கீக்குக் கீழேயே இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து அதை நான் தொட்டதாக ஞாபகம் இல்லை. அனுப்பவேண்டிய கீயைத்தான் அமுக்கிக் காட்ட முடியாதே, அதனால் நீளப் பட்டியலில் தேடி எடுத்தேன். சரி கொடுத்ததும், இனி வலது கன்ட்ரோலுக்கு வேறு கீ எதுவும் இல்லை, பரவாயில்லையா என்று ஒரு எச்சரிக்கை வரும். பரவாயில்லை. நோட்பேடைத் திறந்து, தமிழ் 99-க்கு மாறி, சுண்டுவிரலால் ஓர் அமுக்கு. ழ. ஷிஃப்டோடு அமுக்கினால் இங்கிலீஷில் கேள்விக்குறியும் வந்தது. விண்டோஸோடு வரும் தமிழ் 99-ஐத்தான் பயன்படுத்துகிறேன், அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இதோடு நின்றிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். ஈரமான ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல் இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பி வந்தால் திரை முழுக்க ழழழழழழழழ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. செத்துப்போனது என்று நினைத்த கீ சாகவில்லை, காற்றில் ஈரம் ஏறினால் தன்னையே அமுக்கிக்கொள்கிறது! இதற்கும் அதிலேயே வழி இருக்கிறது. அனுப்பவேண்டிய கீ என்ற இடத்தில் 'முடக்கு' என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு. சாய்வுக்கோட்டை முடக்கினேன், வலது கன்ட்ரோல் வழக்கம்போல ழ தந்தது. ஒரு மாற்றம் இன்னொன்றோடு முட்டிக்கொள்ளவில்லை, கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை லாகின் திரை. என் பாஸ்வேர்டில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. வலது கன்ட்ரோலை அமுக்கினால் ஒன்றும் வரவில்லை. கீபோர்டு மேனேஜர் பின்னணியில் ஓடுகிற ஒரு புரோகிராம், நீங்கள் லாகின் ஆன பிறகுதான் அது எழுந்து உட்காரும், லாகின் திரையில் அதற்கு வேலை இல்லை. இதை அவர்கள் ஒளிக்கவில்லை, உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்காதது என் தப்பு. (இப்படி மாட்டிக்கொண்டால்: திரையின் வலது கீழ் மூலையில் அணுகல் வசதிக்கான ஐகான் இருக்கும், அதில் திரைக் கீபோர்டைத் திறந்து மவுஸால் அடிக்கலாம்.) இதுபோல இன்னொன்றும் உண்டு. அட்மின் உரிமையோடு, அதாவது கம்ப்யூட்டரை நிர்வகிப்பவரின் உரிமையோடு, திறந்த ஜன்னல்களில், பவர்டாய்ஸும் அட்மினாக ஓடினால் தவிர, உங்கள் மாற்றம் செல்லாது. அப்புறம் எஃப்என் கீயைத் தொட முடியாது, அது விண்டோஸின் கண்ணுக்கே தெரிவதில்லை. விண்டோஸ் கீயும் எல்-லும் சேர்ந்த பூட்டு ஷார்ட்கட்டையும், கன்ட்ரோல் ஆல்ட் டெலிட்டையும் மாற்ற முடியாது.

எனவே ழ-க்காக நான் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஷார்ப்கீஸ். சின்ன மென்பொருள், இதுவும் இலவசம், பார்க்க இருபது வருடப் பழசு மாதிரி இருக்கும். இது பின்னணியில் ஓடவே ஓடாது. எந்தக் கீ எதுவாக மாறவேண்டும் என்று விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதிவிட்டுக் கழன்றுகொள்ளும், மிச்சத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யவேண்டும், அட்மின் உரிமை வேண்டும், ஷார்ட்கட்டெல்லாம் மாற்ற வராது, கீக்குக் கீ மட்டும்தான். ஆனால் லாகின் திரையிலும் வேலை செய்கிறது, எனக்கு வேண்டியது அதுதானே. வலது கன்ட்ரோல் சாய்வுக்கோடாக, பழைய சாய்வுக்கோடு ஆஃப்.

இங்கே நான் விழுந்த குழியில் நீங்கள் விழவேண்டாம். ரீஸ்டார்ட் ஆகி லாகின் ஜோராகப் போனது, உள்ளே வந்ததும் ழ மறுபடி காணாமல் போனது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஷார்ப்கீஸ் செய்யும் மாற்றம் அடிமட்டத்தில் நடக்கிறது, அதற்குப் பிறகுதான் பவர்டாய்ஸ் பார்க்கிறது. அது பார்க்கும்போது வலது கன்ட்ரோல் ஏற்கெனவே சாய்வுக்கோடாக மாறிவிட்டது. சாய்வுக்கோட்டை முடக்கச் சொல்லி நானே எழுதி வைத்திருக்கிறேன், அது சொன்ன பேச்சைக் கேட்டு முடக்கிவிட்டது. பவர்டாய்ஸில் அந்த இரண்டு வரியையும் அழித்தேன், ழ வந்தது. ஒரு கீயை ஒரு மென்பொருளிடம் மட்டும் கொடுங்கள்.

அப்படியானால் பவர்டாய்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். ஷார்ட்கட்டுக்கு. கேப்ஸ் லாக்கை நான் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்ந்த ஷார்ட்கட்டாக மாற்றி வைத்திருக்கிறேன், அதாவது மொழி மாற்றும் பொத்தானாக. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஏது, அவ்வளவு பெரிய கீ அவ்வளவு நல்ல இடத்தில் சும்மா கிடந்தது. ஒரு பத்தியில் பத்துத் தடவை தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் தாவுகிறவர்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஒரு ஷார்ட்கட்டைக் குறிப்பிட்ட மென்பொருளுக்குள் மட்டும் செல்லும்படி வைக்கலாம், ஒரு முழு வாக்கியத்தையே அடிக்கவும் வைக்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் அமுக்கினால் "தாங்கள் அனுப்பிய கோப்பு கிடைத்தது, நாளை மாலைக்குள் அனுப்புகிறேன்" என்று எனக்கு வந்து விழுகிறது. நாளை மாலைக்குள் அனுப்புகிறேனா என்பது வேறு கதை.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் ஆட்டோஹாட்கீ. 2003-இலிருந்து இருக்கிறது, இரண்டாம் பதிப்பு 2022 கடைசியில் வந்தது. இரண்டெழுத்து அடித்தால் ஒரு பத்தியே விரிவது மாதிரியான வித்தையெல்லாம் அதில்தான். பலம் அதிகம், ஆனால் சின்னதாக நிரல் எழுதவேண்டும், சில ஆன்லைன் விளையாட்டுகள் அதைக் கண்டாலே ஏமாற்று வேலை என்று சந்தேகப்படும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

மொத்தத்தில் பவர்டாய்ஸுக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று லாகினுக்காக இல்லை. எந்தக் கீபோர்டு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை, லேப்டாப்பின் கீபோர்டுக்குச் சொன்னதை வெளியே செருகும் கீபோர்டுக்கும் செய்கிறது. ஷார்ப்கீஸும் இதில் அதே கதைதான். போன வாரம் 600 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கினேன். புத்தம் புதுசு, ழ கீ பளபளவென்று இருக்கிறது, அமுக்கினால் ஒன்றும் வராது. அதிலும் வலது கன்ட்ரோலைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.