ஷார்ப்ஸ் ரைஃபிளும் கரிமருந்தும்: சில வருடப் பழக்கத்தில் கண்டது

பெடர்சோலி கம்பெனியின் 1874 மாடல் ஷார்ப்ஸ் (பழைய அமெரிக்க ரைஃபிளின் நகல்) என் கைக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. .45-70 தோட்டா, 34 அங்குலக் குழல், பின்னால் மடக்கி நிமிர்த்தும், குறிபார்க்க உதவும் வெர்னியர் சைட். இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை இதில் ஒருநாளும் போட்டதில்லை. பழைய கால வெடிமருந்தான கரிமருந்து மட்டும்தான்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிரெயின் போடுகிறீர்கள்?" என்றுதான் (கிரெயின் என்பது மருந்தை நிறுக்கும் எடை அளவு). என்னைக் கேட்டால் அது நாலாவதோ ஐந்தாவதோ கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு குண்டும் கிளம்பும்போது குழலுக்குள் எரிந்த மருந்தின் கசடு என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. முதல் குண்டுக்கும் பத்தாவது குண்டுக்கும் குழல் ஒரே மாதிரி இருந்தால், சுமாரான லோடு (மருந்தும் குண்டும் சேர்ந்த தயாரிப்பு) கூட நன்றாகச் சுடும். அது மாறிக்கொண்டே இருந்தால் எவ்வளவு துல்லியமாக எடைபோட்டாலும் பலன் இல்லை.

கரிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் வெள்ளைப் புகையோடு வெளியே போகும், மீதி குழலில் ஒட்டும். காற்றில் ஈரம் இருந்தால் இந்தக் கசடு இளகிக் கிடக்கும், வறண்டால் ஓடுபோல இறுகும். ஹூஸ்டனில் இருந்தவரை இதன் தீவிரம் எனக்குப் புரியவில்லை. அங்கே காற்றே குழலை ஈரமாக வைத்திருந்தது. கொலராடோவுக்கு மாறிய பிறகு, அதே ரைஃபிள், அதே தோட்டா, ஐந்தாறு குண்டுக்குள் இலக்கில் ஓட்டைகள் சிதற ஆரம்பித்தன. சுத்தம் செய்யும் கம்பியை உள்ளே விட்டால் முக்கால் குழல் வரை வழுக்கிக்கொண்டு போகும். கடைசி ஒரு சாண் தூரத்தில் மட்டும் நறநறவென்று பிடிக்கும். குண்டில் பூசிய மெழுகு அந்த இடத்துக்கு வருவதற்குள் தீர்ந்துபோகிறது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஊதுகுழாய். காலித் தோட்டாக் கூட்டில் துளையிட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குழலின் பின்பக்க வாயான பிரீச்சைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரில் வைத்து மெதுவாக மூச்சை ஊதுவது. மூச்சின் ஈரம் கசடை இளக்கும். இன்னொன்று, ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பது. போட்டியில் நேரம் குறைவு என்பதால் ஊதுவது வசதி. ஆனால் லோடு சோதிக்கும் நாளில் நான் துடைப்பதைத்தான் செய்கிறேன். கோடை வெயிலில் எத்தனை மூச்சு ஊதினாலும் போதாத நாட்கள் இருக்கின்றன. துடைத்தால் அந்தச் சந்தேகமே இல்லை. சேம்பரையும் மறக்காமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தோட்டா முழுதாக உள்ளே இறங்காது.

சரி, இப்போது மருந்துக்கு வருவோம். .45-70 என்ற பெயரே 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் கரிமருந்து என்பதிலிருந்து வந்தது. அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட தோட்டா இது. இன்றைய பித்தளைக் கூடுகளின் அடிப்பகுதி அன்றையதைவிடக் கனமானது. அதனால் நீளமான குண்டோடு 70 கிரெயினை உள்ளே அடக்க வேண்டுமென்றால் நன்றாக அமுக்கியாக வேண்டும். நான் அவ்வளவு போடுவதில்லை. ஸ்விஸ் கம்பெனியின் ஒன்றரை எஃப்ஜி (துகளின் அளவைக் குறிக்கும் எண்) மருந்தை இரண்டடி நீள டிராப் டியூப் வழியாக மெல்ல ஊற்றுவேன், அதிலேயே துகள்கள் நெருக்கமாகப் படிந்துவிடும். அதன்மேல் ஒரு ஃபைபர் வாட் (அட்டைபோன்ற வட்டத் தட்டு) வைத்து, மருந்தை அமுக்கும் கம்ப்ரஷன் டையில் லேசாக ஓர் அமுக்கு, அவ்வளவுதான். கோயெக்ஸ் மருந்து இதற்கு நேர்மாறு, அதை இன்னும் அழுத்தினால்தான் என் ரைஃபிளில் ஒழுங்காகச் சுட்டது. ஸ்விஸ் அதிக வீரியமுள்ளது, ஆகவே ஒரு மருந்துக்குக் கண்டுபிடித்த அளவை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடமே இருக்கக் கூடாது. இடைவெளி விட்டுச் சுட்டால் குழலில் வளையம்போல வீக்கம் விழும் ஆபத்து உண்டு, அப்புறம் அந்தக் குழல் அவ்வளவுதான். மருந்தைக் குறைக்க வேண்டுமென்றால் குறைந்த இடத்தை வாட் வைத்து நிரப்ப வேண்டும். தொடக்க அளவை நல்ல கையேட்டிலிருந்து எடுங்கள். கையில் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அசல் துப்பாக்கி என்றால், சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுதுபார்க்கும், விவரம் தெரிந்த கன்ஸ்மித்திடம் காட்டுவது அவசியம்.

குண்டு, லைமன் அச்சில் நானே வார்க்கும் 535 கிரெயின் போஸ்டெல் என்ற வகை. இருபது பங்கு ஈயம், ஒரு பங்கு வெள்ளீயம். எனக்கு மிகப் பிடித்த வேலை இந்த வார்ப்புதான். அச்சு போதுமான சூட்டுக்கு வந்துவிட்டால், திறந்ததும் குண்டின் அடிவிளிம்பு கத்திபோலக் கூர்மையாக நிற்கும். அந்த விளிம்பு கொஞ்சம் மழுங்கி இருந்தாலும் நான் திரும்ப உருக்கிவிடுவேன். குண்டைக் கடைசியாகத் தள்ளிவிடுவது அந்த அடிப்பகுதிதான், அது கோணினால் குண்டும் கோணித்தான் போகும். மெழுகைப் பொறுத்தவரை, தேன்மெழுகை அடிப்படையாகக் கொண்ட எஸ்பிஜி என்ற குண்டு மெழுகு எனக்கு நம்பகமானது. பெட்ரோலிய மெழுகுகள் கரிமருந்தோடு சேர்ந்து தார்போலக் குழம்பிவிடும். சுட்டு முடித்ததும் குழல் வாயைப் பாருங்கள். அங்கே மெழுகு நட்சத்திரம்போலப் படிந்திருந்தால் குழல் முழுக்க மெழுகு எட்டியிருக்கிறது.

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மாற்றிப் பார்த்ததில் குண்டின் வேகம் சற்றுச் சீரானது. இலக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் எண்கள் அழகாக வந்த சில லோடுகள் தாளில் பரவிச் சுட்டிருக்கின்றன, அதனால் நான் தாளைத்தான் நம்புகிறேன்.

குழலைத் துடைத்துத் துடைத்துச் சுடும் இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மோரில் அமெரிக்க அணியும் ஐரிஷ் அணியும் 800, 900, 1000 கஜங்களில் மோதின. ஐரிஷ்காரர்கள் கையில் குழலின் முன்வாய் வழியாக மருந்திடும் ரிக்பி, அமெரிக்கர்கள் கையில் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். 934-க்கு 931 என்று அமெரிக்கர்கள் ஜெயித்தார்கள். ஐரிஷ் வீரர் ஒருவர் பக்கத்து இலக்கைச் சுட்டுவிட்டதால் அந்த வெற்றியைப் பற்றிய வாதம் ஓயவில்லை. எனக்கு அந்தப் போட்டியில் பிடித்தது வேறு: வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் குழலைச் சுத்தமாக வைத்துச் சுடுவது இயல்பாகவே ஒழுங்காக நடக்கும். பிரீச் வழி ரைஃபிளுக்கு அந்த ஒழுங்கை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

சுத்தம் செய்வது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. தண்ணீரே போதும், பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய் போட வேண்டும். அன்றைக்கே செய்தாக வேண்டும், கசடு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். அழுகிய முட்டை நாற்றத்துக்கு வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். காலிக் கூடுகளைச் சுடும் இடத்திலேயே சோப்புத் தண்ணீர் ஜாடியில் போட்டுவிடுவேன், வீட்டுக்கு வந்தபின் பாதி வேலை குறைந்துவிடும்.

இன்றைய நிலவரம்: துடைத்துச் சுட்டால் 200 கஜத்தில் பத்துக் குண்டும் பெரும்பாலும் மூன்று அங்குலத்துக்குள் நிற்கின்றன. நியூமெக்சிகோவின் ரேட்டனில் நடக்கும் போட்டியில் 500 மீட்டர் தூரத்துச் செம்மறியாட்டு இரும்பு உருவத்தைச் சாய்க்க அது தாராளம். அங்கே தவறும் குண்டுகளுக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம், லோடு அல்ல. அடுத்து காகிதம் சுற்றிய குண்டுக்குப் போகிறேன். அதில் மெழுகுப் பள்ளமே இல்லை என்பதால், துடைக்கும் முறையை முதலிலிருந்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.