நடுகல்லைத் தேடினால் எங்கே போவது: தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு

நினைவிடம், நினைவுத்தூண், நினைவுச்சின்னம் என்று இன்றைக்குப் பல சொல் புழங்குகிறது, ஆனால் இறந்தவரை ஊர் மறக்கக்கூடாது என்பதற்காகத் தமிழில் பிறந்த மிகப் பழைய சொற்களில் ஒன்று நடுகல், பெரும்பாலும் இறந்த வீரருக்கு வைக்கும் நினைவுக்கல். அதைச் சரியாகத் தெரிந்துகொள்ள யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் தமிழ் லெக்சிகனைத்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த அகராதி, 1939இல் அநுபந்தமும் வந்தது, 1926 முதல் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை. காசு கிடையாது, போனிலேயே தமிழில் தட்டித் தேடலாம்.

தலைச்சொல், ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, சொல் எதிலிருந்து வந்தது, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், கடைசியில் அந்தச் சொல் வரும் நூல் என்று ஒவ்வொரு பதிவும் போகும். நடுகல்லின் பிறப்பில் சிக்கலே இல்லை: நாற்று நடுகிறோமே, அந்த நடு, அதோடு கல். ஆனால் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள், இந்த அகராதியின் உயிர் மேற்கோளில் இருக்கிறது. சுருக்கக் குறிகள் முதலில் மிரட்டும், 'புறநா.' என்றால் புறநானூறு, 'தொல். பொ.' என்றால் தொல்காப்பியம் பொருளதிகாரம், நாலைந்து சொல் தேடினாலே பழகிவிடும்.

அந்த வழியே போனால் எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஒவ்வொரு படிக்கும் தொல்காப்பியம் பெயர் வைத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்திலிருந்து கல் கொண்டுவரும் பகுதியில் காதைகளின் பெயரே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து! அப்புறம் புறநானூறு 232, அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. நடுகல்லில் மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள், மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

கல்வெட்டு வாசிக்கவும் இது உதவும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, எருமைகளைக் காக்கப் போய் ஒரு வீரன் 'பட்டான்' என்று எழுதியிருக்கும். கோவிவன் என்ற அவனுடைய நாயும் கள்ளனைக் கடித்துக் காத்ததாகச் சொல்லி அதையும் பக்கத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். 'பட்டான்' என்ன என்று விழிப்பவர்கள் 'படு' என்ற பதிவைத் திறக்க வேண்டும், நீளமான பதிவு, பொறுமையாக இறங்கினால் 'சாதல்' என்ற பொருள் கிடைக்கும்.

குறை என்றால் அதன் வயதுதான். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன, ஒன்றில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல், தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் அதே சொல், ஒரு சாதாரண ஊர்க்கல்லில்! இலக்கணத்தில் படித்தது நிஜ வாழ்க்கையில் நடந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் 1930களில் அச்சான அகராதியில் இந்தக் கல் எப்படி இருக்கும்? கண்டுபிடிப்புகளுக்குத் தொல்லியல் கட்டுரைகளைத்தான் தேட வேண்டும்.

இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பக்கத்தில் இருக்கட்டும். பழைய சொல்லுக்கு, அதுவும் நடுகல், பள்ளிப்படை (இறந்த அரசர் நினைவாகக் கட்டும் கோயில்) மாதிரி இறந்தோரைச் சுற்றி வளர்ந்த சொற்களுக்கு, லெக்சிகனுக்கு ஐந்துக்கு ஐந்து தாராளமாகக் கொடுப்பேன். தமிழ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே போனில் சேமித்துக் கொடுங்கள்.