வலிக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் என் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்: பிரசவத்துக்குப் பிந்தைய இணையவழிப் பயிற்சி பற்றி ஓர் எச்சரிக்கை

பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற கடைசிப் பதில் நேற்றிரவு வந்தது. அதைப் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்; ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதாமல் விட்டுவிடுவேன் என்பது எனக்கே தெரியும். இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம் அல்லவா, அந்தக் கூச்சத்தையே முதலாகப் போட்டு இவர்கள் தொழில் நடத்துகிறார்கள். நான் இழந்தது இரண்டு மாதச் சம்பளம். பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும்வரை கைச்செலவுக்கு ஆகட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்த தொகை அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. குழந்தை பெற்ற பெண்களுக்கு அலைபேசிச் செயலி வழியாக இடுப்புத் தளத் தசைப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம் என்ற அளவில் போதும். இத்தகைய இடங்களைப் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் மகள் ஆயுதம் போட்டு எடுக்கப்பட்டவள். எனக்கு இரண்டாம் நிலைக் கிழிவு ஏற்பட்டுத் தையல் போட்டிருந்தார்கள். பிரசவத்தில் ஏற்படும் கிழிவுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது: முதல் நிலையில் தோலும் மேற்சவ்வும், இரண்டாவதில் அடியிலுள்ள தசையும், மூன்றாவதில் ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசையும், நான்காவதில் மலக்குடலின் உட்சவ்வு வரையிலும் கிழிந்திருக்கும். ஆறாவது வாரப் பரிசோதனையில் தையல் நன்றாக ஆறிவிட்டது என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் தும்மினால் கசிந்தது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் கசிந்தது. அதோடு, உட்காரும்போது அடியில் ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டது போன்ற ஒரு வலி இருந்தது. கசிவையாவது கணவரிடம் பாதி சொன்னேன்; வலியை யாரிடமும் சொல்லவில்லை. நள்ளிரவில் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் அலைபேசியில் தேடினேன், மறுநாள் காலையிலேயே விளம்பரம் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

இலவச ஆலோசனை என்ற பெயரில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நிமிடம் பேசினார், ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல் ஒரு தசைத் தளம் விரிந்திருக்கிறது என்றும், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அதுதான் தாங்குகிறது என்றும், கர்ப்பக் காலத்தின் பாரமும் பிரசவத்தின் இழுவிசையும் அதைத் தளர்த்திவிடுகின்றன என்றும் விளக்கினார். பிரான்ஸில் பிரசவித்த பெண்களுக்கு இந்தப் பயிற்சியை அரசுக் காப்பீடே வழங்குகிறது என்றார். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார் என்றார். இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மை. பொய்யை மட்டும் விற்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். “தும்மல் வருவதற்கு முன்பு ஒரு காலை இன்னொரு காலோடு சேர்த்து நெருக்கிக்கொள்கிறீர்களா?” நான் அழுதுவிட்டேன். பிரசவமாகி மூன்று மாதமாகியிருந்தது. குழந்தையின் எடையைக் கேட்டவர்கள் உண்டு, பால் போதுமா என்று கேட்டவர்கள் உண்டு, என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். இப்போது யோசித்தால், இரண்டு மாதச் சம்பளத்தை நான் பயிற்சிக்காகக் கொடுக்கவில்லை, அந்த ஒரு கேள்விக்காகவே கொடுத்தேன் என்று தோன்றுகிறது. முதல் வாரத்திலேயே தகுதிபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர் என்னைத் தனியாக மதிப்பிட்டு எனக்கென்றே பயிற்சி வகுத்துத் தருவார் என்று உறுதியளித்தார். சலுகை அன்றிரவோடு முடிகிறது என்பதை மிகவும் வருத்தத்தோடு தெரிவித்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, பன்னிரண்டு வாரக் கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் செலுத்தினேன்.

வந்தது என்ன என்று கேளுங்கள். முதலில் ஒரு வினாப்பட்டியல்: வயது, எடை, எத்தனையாவது பிரசவம், எப்போது கசிகிறது. வலிக்கிறதா என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை, தையல் பற்றியும் கேட்கவில்லை. பிறகு ஏற்கெனவே பதிவுசெய்த காணொளிகள் வந்தன. தனி மதிப்பீடு என்று சொன்னது, ஆறு பெண்களைச் சேர்த்துவைத்து நடத்திய பதினைந்து நிமிடக் காணொளி அழைப்பு. அதில் எல்லாரும் தத்தம் கேமராவை அணைத்துவைத்திருந்தோம். அடுத்து, உள்ளே வைத்துக்கொண்டு அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்று பெட்டியில் வந்தது. அதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று யாரும் என் உடம்பைப் பார்த்து முடிவுசெய்யவில்லை. ஆறு பெண்களுக்கும் ஒரே கட்டளைதான் கிடைத்தது: நாளொன்றுக்கு 300 முறை இறுக்கி விட வேண்டும்.

இந்த 300 என்ற எண் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிரிட்டனில் நைஸ் என்று அழைக்கப்படும் பொது அமைப்பின் மருத்துவ வழிகாட்டுதலை நான் பிற்பாடு படித்தேன். சிறுநீர்க் கசிவுக்கு மேற்பார்வையோடு குறைந்தது மூன்று மாதப் பயிற்சி தர வேண்டும் என்றும், ஒருமுறைக்குக் குறைந்தது 8 இறுக்கங்கள் வீதம் நாளுக்கு மூன்று முறை செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதற்கும் முன்பாக, அந்தப் பெண்ணால் தசையைச் சரியாக இறுக்க முடிகிறதா என்பதைப் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்கிறது. முந்நூறு எங்கே, இருபத்துநான்கு எங்கே! ஆனால் முந்நூறு என்று சொன்னால்தான் இரண்டு மாதச் சம்பளம் வாங்கியதற்கு ஏதோ கொடுத்தாற்போல் இருக்கும்.

நான் ஒழுங்காகச் செய்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்ததில்லை. மூன்றாவது வாரத்தில் வலி கூடியது. நாற்காலியில் உட்காரவே ஒருக்களிக்க வேண்டியதாயிற்று, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதற்கே சில நொடிகள் காத்திருக்க நேர்ந்தது. கசிவு துளிகூடக் குறையவில்லை. செயலியின் உரையாடல் பெட்டியில் எழுதினேன். “வலி வருகிறது என்றால் தசை விழித்துக்கொள்கிறது என்று பொருள், வாழ்த்துகள்!” என்ற பதில் ஒரு இதயக் குறியோடு வந்தது. ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதினேன். இம்முறை வேறொரு பெயரிலிருந்து, நான் நான்கு நாள் பயிற்சியைத் தவறவிட்டிருப்பதாகச் செயலி காட்டுகிறது என்றும், முன்னேற்றம் இல்லாமைக்கு அதுவே காரணம் என்றும் பதில் வந்தது. அந்த நான்கு நாளும் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்றாவது முறை தொலைபேசியில் பேசியவர், இன்னும் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கட்டினால் “உயர்நிலைத் திட்டத்தில்” நிபுணரோடு நேரடியாகப் பேசலாம் என்றார். அப்படியானால் முதல் வாரமே வருவதாகச் சொன்ன இயன்முறை மருத்துவர் யார் என்று கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நாற்பது நிமிடம் பேசி என்னை அழவைத்த அந்தப் பெண்ணின் எண்ணுக்கும் முயன்றேன். அந்த எண்ணுக்கு அழைப்பே போகவில்லை.

உறுப்பினர் குழுவில், பயிற்சி தருபவரின் மருத்துவப் பதிவு எண் என்ன என்று ஒரே ஒரு வரி கேட்டேன். எங்கள் பயிற்றுநர்கள் அனைவரும் எங்கள் நிறுவனத்திலேயே சான்றிதழ் பெற்றவர்கள் என்று பதில் வந்தது. தானே தேர்வு வைத்துத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைக் கண்டு நான் சிரித்திருக்க வேண்டும், அன்றைக்குச் சிரிக்கும் நிலையில் இல்லை. பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: பெண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்தேன். அவர் முதலில் கேட்டதே வலியைப் பற்றித்தான். வெளியிலும் உள்ளேயும் விரலால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டியிருக்கும், எதற்காக என்றால் இதற்காக, வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் அந்த நொடியே நிறுத்திவிடுவேன், துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, என் சம்மதத்தைக் கேட்டு, கையுறை அணிந்த பிறகே தொடங்கினார். பார்த்துவிட்டு அவர் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. என் தசை தளர்ந்துபோய்க் கிடக்கவில்லை. இறுகிப்போய், விடத் தெரியாமல் இருக்கிறது. எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும் தசைக்கு, இருமல் வரும் நேரத்தில் மேலும் இறுக மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆகவே இறுக்கமும் கசிவும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கலாம். அப்படி இறுகியிருந்த தசையைத்தான் நான் நாளுக்கு 300 முறை மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதோடும் முடியவில்லை. “இப்போது இறுக்குங்கள்” என்று அவர் சொன்னபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்கியிருக்கிறேன். மேலே இழுக்க வேண்டியதைக் கீழே தள்ளியிருக்கிறேன். இத்தனை வாரமும் அதைத்தான் பயிற்சி என்று நினைத்திருக்கிறேன். நான் மட்டும் இல்லை என்று அவர் ஆறுதல் கூறினார். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், வாய்வழியாக மட்டும் சொல்லிக்கொடுத்தபோது ஏறத்தாழ பாதிப் பெண்களே சரியாகச் செய்தார்கள் என்றும், கால்வாசிப் பேர் கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் செய்தார்கள் என்றும் சொன்னார். கெகல் பெயரைச் சொல்லித்தான் அந்த நிறுவனம் என்னிடம் விற்றது. அந்த மனிதரோ, பெண் சரியாக இறுக்குகிறாளா என்பதை அவளே கண்ணால் காணும்படி அழுத்தமானி ஒன்றையும் சேர்த்தே உருவாக்கியவர். எனக்கும் ஒரு கருவியை அனுப்பினார்கள், மறுக்கவில்லை. அது காட்டிய எண்ணைப் பார்த்து, முக்குகிறாய் அம்மா என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. முக்கினாலும் அழுத்தம் ஏறும், எண்ணும் ஏறும். நானும் எண் ஏறுகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு இறுக்கும் பயிற்சியே இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு இடுப்புத் தளமும் மெல்ல இறங்கி விரிகிறது. அந்த விரிதலைக் கவனித்து அதற்கு இடம்கொடுப்பதே என் வேலை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஐந்து நிமிடம் செய்கிறேன். வலி குறையத் தொடங்கியிருக்கிறது. விடத் தெரிந்த பிறகு கொஞ்சம்கொஞ்சமாக இறுக்கவும், இருமலுக்குச் சற்று முன்பாகத் தசையை மேலே இழுத்துப் பிடிக்கவும் சொல்லித்தருவதாகக் கூறியிருக்கிறார். இதுவரை இவருக்குக் கொடுத்த கட்டணம் நான் அங்கே இழந்த இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. இணையவழியில் நடப்பதெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நேரில் ஒருமுறை பார்த்தபின் இவரும் என்னோடு காணொளியில்தான் பாதி அமர்வுகளை நடத்துகிறார். பார்க்காமலேயே மருந்து கொடுத்ததுதான் அங்கே நடந்த அநியாயம்.

நேற்று வந்த கடைசிப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். கருவியின் உறையைப் பிரித்துவிட்டதால் சுகாதாரக் காரணங்களுக்காக அதைத் திரும்பப் பெற இயலாதாம். காணொளிகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் பார்த்துவிட்டதால் சேவையை நான் முழுமையாக அனுபவித்ததாகக் கருதப்படுமாம். இந்தத் திட்டம் மருத்துவச் சிகிச்சை ஆகாது, உடல்நல விழிப்புணர்வு மட்டுமே என்பதற்கு நான் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறேனாம். தொலைபேசியில் நான் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில், திரையில் எந்தக் கட்டத்தைத் தொட்டேன் என்பது எனக்கு நினைவில்லை. இரண்டு மாதச் சம்பளம்.

எப்படி அடையாளம் காண்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மகள் எழுந்துவிட்டாள், கிடைக்கும் நேரத்தில் சொல்கிறேன். பணம் கட்டுமுன் இயன்முறை மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். வலி, தையல், மலம் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்காத இடத்தில் ஒரு காசும் கொடுக்காதீர்கள். இன்றிரவோடு முடியும் சலுகையை முடியவிடுங்கள், முழுத்தொகையை ஒரே தவணையில் கட்டவே கட்டாதீர்கள். தொலைபேசியில் தரும் வாக்குறுதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் படமெடுத்து வையுங்கள், குழுவிலிருந்து நீக்கிய பிறகு எதுவும் கையில் இருக்காது. மலத்தையோ வாயுவையோ அடக்க முடியவில்லை என்றாலோ, அடியில் ஏதோ பிதுங்கி வருவதுபோல் இருந்தாலோ, சிறுநீரே வராமல் நின்றாலோ செயலியைத் திறக்காதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள். இன்னும் இரண்டு மூன்று சொல்ல வேண்டியிருந்தது, இவள் அழுகை உச்சத்துக்குப் போய்விட்டது. அந்தக் கருவி இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது; யாரும் விலைக்குக் கேட்டுவிடாதீர்கள், தரமாட்டேன்.