தொகுதி முறையா, விருப்பு வாக்கா?

இலங்கையில் பழைய தொகுதி முறையே நல்லது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். தொகுதிக்குப் பெரும்பாலும் ஒரே உறுப்பினர். வீதி பழுதானால் யாரிடம் போவது என்று ஊருக்கே தெரியும். சரி, அது பெரிய விஷயம்தான்.

ஆனால் 1977 தேர்தலைப் பாருங்கள். சுமார் 51 சதவீத வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 இடங்களில் 140. ஏறக்குறைய 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. அதைவிட மிகக் குறைந்த வாக்குகள் பெற்றும், வடக்கு கிழக்கில் அவை குவிந்திருந்ததால், தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நமக்கு அது கிடைத்ததற்காக அந்தக் கணக்கு நியாயமாகிவிடாது.

1989 பொதுத் தேர்தலில் வந்த விகிதாசார முறையில், அதாவது மாவட்டத்தில் கட்சி பெறும் வாக்குக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும் முறையில், வாக்கு வீணாவது குறைவு. கட்சிக்கு ஒரு வாக்கு, அப்புறம் அதன் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கட்சி நிறுத்தும் ஆட்களில் யார் போகவேண்டும் என்று நாமே சொல்லலாம். இந்த உரிமை தொகுதி முறையில் இல்லை.

விலையும் உண்டு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டம் முழுக்க அலைய ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு பணம் வேண்டும்! ஒரே கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் வெட்டிப் பேசுகிறார்கள்.

இருந்தும் என் தெரிவு விருப்பு வாக்குதான். மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யாமல் கட்சிகள் நியமிக்கும் 29 பேரின் தேசியப் பட்டியல் முறையைத்தான் மாற்றவேண்டும்: மக்கள் தோற்கடித்தவர் அந்த வழியாகப் பாராளுமன்றம் போகக்கூடாது.